மூலை மடிப்பு

மாமி,
செத்தவீடு முடிந்த மறுநாள்தான் உங்கள் அறைக்குள் போனேன்.
சுவான்சி மழை யன்னலில் சரிந்து அடித்துக்கொண்டிருந்தது.
"நேராய்ப் பெய்யத் தெரியாத மழை" என்பீர்கள்.

கட்டில் விரிப்பின் நான்கு மூலையும்
கடித உறைபோல் மடிந்து இறுகியிருந்தன.
ஆம்புலன்ஸ் வந்த அந்தக் காலையிலும்
மூச்சை இழுத்து இழுத்து
விரித்துவிட்டுத்தான் படியிறங்கியிருக்கிறீர்கள்.

இரண்டாயிரத்து மூன்று. நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் கிழமை.
என் கட்டிலையும் இப்படித்தான் இறுக்கினீர்கள்.
உருவி எறிந்தேன்.
மறுநாள் மீண்டும் இறுக்கம்.
மறுநாள் மீண்டும் நான்.
பதினொரு நாள் நடந்தது,
ஒருவருக்கொருவர் ஒரு சொல் பேசாத சண்டை.
பன்னிரண்டாம் நாள் நீங்கள் இரவு வேலைக்குப் போனீர்கள்.
வென்றேன் என்று படுத்தேன்.
விடியும்வரை கால் வெளியே கிடந்து விறைத்தது.

ஆஸ்பத்திரியில் உங்களுக்கு வேறு பெயர்.
இராசநாயகி பெயர்ப்பட்டைக்குள் அடங்கவில்லையாம்,
எழுபத்திரண்டில் ஒரு மேட்ரன் வெட்டிவிட்டாள்:
சிஸ்டர் ராஜ்.
"நாயகி வீட்டில இருக்கட்டும்" என்று
நீங்களும் விட்டுவிட்டீர்கள்.

வீட்டில் நாயகிதான் இருந்தாள்.
கையைப் பிடித்தால் பாசமென்று ஏமாறக்கூடாது,
உதடு அசையும்; எண்ணுகிறீர்கள்.
என் பிரசவ வலியிலும் எண்ணினீர்கள்.
ஓய்வு என்று கேக் வெட்டி அனுப்பிய பிறகும்
தபால்காரர் வரைக்கும் ஒருவரையும் விடவில்லை.
மாமா போன இரவில்
எண்ணிக்கை நின்ற இடத்தில் மணிக்கூட்டைப் பார்த்து
உரக்கச் சொன்னீர்கள்: மூன்று நாற்பது.
அழுதது பிறகு. குசினியில்.
தண்ணீர்க் குழாயை முழுதாய்த் திறந்துவிட்டு.

மேசை லாச்சிக்குள் ஒரு கொப்பி.
வார்டில் நோயாளிக்கு நீர்க்கணக்கு எழுதுவதுபோல
இரண்டு நிரல்: உள்ளே, வெளியே.
வெளியே,
தம்பி கதிர்காமநாதனுக்கு ஏஜென்சிக் காசு, எட்டு மாத இரவுகள்.
தங்கச்சி கலியாணம், சங்கிலி போனது.
கொக்குவில் வீட்டுக் கூரை.
கொக்குவில் வீட்டுக் கூரை, திரும்பவும்.
ஆருக்கென்று எழுதாத நூறு பவுண்.
உள்ளே நிரல் பக்கம் பக்கமாய் வெறுமை.
ஒரேயொரு இடத்தில் மட்டும், சாய்ந்த எழுத்தில்:
"மருமகள் இண்டைக்குக் குசினியில சிரிச்சவள்."

திகதியைப் பார்த்தேன்.
வந்து ஏழு மாதம்.
அந்த நாள் எனக்கு ஞாபகமில்லை.
எதற்குச் சிரித்தேன், மாமி?

நேற்று ஒரு கிழவர் வந்தார், ஊன்றுகோலும் நனைந்த தொப்பியுமாய்.
வாசலில் உங்கள் முழுப்பெயரைப் பார்த்துவிட்டு
இடம் மாறி வந்துவிட்டேன் என்று திரும்பினார்.
ராஜைத் தேடி வந்தாராம்.
எண்பத்தொன்பதில் அவர் மனைவியின் கடைசி இரவு.
ஷிப்ட் முடிந்தும் ராஜ் போகவில்லை,
கோட்டைப் போட்டபடியே
கதிரையில் இருந்தாள், பத்து மணி வரை.
உங்கள் மகன் கேட்டுக்கொண்டு நின்றார்.
அதே வருடம்தான் பள்ளிப் பரிசளிப்புக்கு அம்மா வரவில்லையென்று
ஒரு கிழமை முகம் கொடுக்காமல் திரிந்தவர்.
அதே நாளாக இருக்க வேண்டியதில்லை.
இவர் கேட்கவுமில்லை.
கிழவருக்கு ரீ ஊற்றினார்,
சீனி எத்தனை என்று கேட்கும்போது
குரல் வரவில்லை.

விரிப்பைக் கழற்றித் தோய்க்க வேண்டும்.
மூலையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை.
பதினொரு நாள் பழகிய கைதான்.
வரவில்லை, விட்டுவிட்டேன்.

கொப்பி மடியில் கிடக்கிறது.
உள்ளே நிரலில் இவ்வளவு இடம்.
எங்கிருந்து தொடங்குவது என்று
பேனை மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

கீழே குசினியில்
நெடுநேரமாய்த் தண்ணீர் ஓடுகிறது.
கோப்பைகள் எல்லாம்
நான் காலையிலேயே கழுவிவிட்டேன்.